கந்தபுராணத்தைத் தன் வாழ்க்கையோடு வைத்து வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராணக் கதைகளில் வாழ்க்கைக்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று கேட்பவர்களுக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, ஒரு நூலை எடுத்துக்கொண்டு அதன் உள்ளே நின்று பதில் சொல்வது நல்லது என்பதால், இங்கே கந்தபுராணத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முருகனைப் பற்றிய வேறு கதைகள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வரும்.

கந்தபுராணம் எப்படிப்பட்ட நூல்? கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் பூசை செய்துவந்த கச்சியப்ப சிவாசாரியார், வடமொழிக் கந்தபுராணத்தின் சங்கர சங்கிதையில் உள்ள சிவரகசிய காண்டத்தைத் தழுவித் தமிழில் பாடிய நூல் இது. உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தட்ச காண்டங்கள் என ஆறு காண்டங்களும் 10,345 பாடல்களும் கொண்டது. அவர் நாள்தோறும் பாடிய ஏட்டை முருகன் திருவடியில் வைத்துச் செல்வார் என்றும், மறுநாள் காலையில் அதில் திருத்தங்கள் இருக்கும் என்றும் மரபில் சொல்வார்கள்.

கதை இதுதான். காசிபனுக்கும் மாயைக்கும் பிறந்த சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் ஆகிய மூவரும் கடுந்தவம் செய்கிறார்கள். சூரபன்மன் 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சிவனிடம் பெற்று, கடல் நடுவே வீரமகேந்திரபுரத்தில் அரசிருந்து, இந்திரன் மகன் சயந்தன் உட்படத் தேவர்களைச் சிறையில் வைக்கிறான். சிவனுடைய நெற்றிக்கண் பொறிகளிலிருந்து தோன்றிச் சரவணப் பொய்கையில் வளர்ந்த முருகன் படையெடுத்து வருகிறான். தாரகனும் சிங்கமுகனும் மடிகிறார்கள். கடைசியில் கடலில் மாமரமாக நின்ற சூரபன்மனை வேல் இரண்டாகப் பிளக்க, அந்தக் கூறுகள் மயிலும் சேவலுமாகி முருகனுக்கு ஊர்தியாகவும் கொடியாகவும் ஆகின்றன. அதன்பின் தெய்வயானை திருமணம், தக்கன் வேள்வியின் வரலாறு, இறுதியாக வள்ளி திருமணம் என்று நூல் முடிகிறது.

நல்லது கெட்டது சொல்ல நீதிநூல்கள் இருக்கும்போது புராணம் எதற்கு?

நீதிநூல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும். அது நமக்குத் தெரிந்த பின்பும் ஏன் செய்யாமல் இருக்கிறோம் என்ற கேள்விக்குத்தான் புராணத்தில் இடம் இருக்கிறது. செருக்கு கூடாது என்பதை அறியாதவர் யாரும் இல்லை. ஆனால் செருக்கு எப்படி ஒரு மனிதனுக்குள் குடியேறுகிறது, எந்தெந்த நல்ல குணங்களின் உடையை அணிந்துகொண்டு உட்காருகிறது, அதை விட வேண்டிய நேரம் வந்தும் விடமுடியாமல் தடுப்பது எது என்பதையெல்லாம் ஒற்றை வரியில் சொல்ல இயலாது. அதற்கு ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குத் தாய் தந்தை, தம்பிமார், பிள்ளைகள், தவம், அரசு, இழப்பு எல்லாம் வேண்டும். கந்தபுராணத்தில் அப்படி முழுமையாக வரையப்பட்ட பாத்திரம் சூரபன்மன்.

இந்தக் கதையில் நான் யாருடைய இடத்தில் நின்று பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் முருகனுடைய பக்கத்தில் நின்று வாசிக்கிறார்கள்: நம்முடைய தடைகளெல்லாம் அசுரர்கள், நம்மிடம் ஒரு வேல் இருக்கிறது, வெற்றி நமக்கே என்று. ஊக்கம் வேண்டுமானால் அது போதும். ஆனால் உள்ளத்தில் ஒரு மாற்றம் வேண்டி வாசிப்பவருக்கு அந்த இடம் உதவாது என்பது என் கருத்து. காரணம், முருகன் இந்தக் கதையில் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பிரணவத்தின் பொருள் தெரியாத பிரமனைச் சிறையில் வைக்கும் சிறுவனாக இருக்கும்போதே அவனுக்கு எல்லாம் தெரியும். கதையின் தொடக்கத்தில் ஒருவனாகவும் முடிவில் வேறொருவனாகவும் இருப்பவன் சூரபன்மன்தான். நமக்கான இடம் அவனுடைய இடம்.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். அசுர காண்டத்தைத் திறந்து பார்த்தால் அந்தச் சுளிப்பு குறையும். காசிபன் தன் மக்கள் மூவரையும் உட்காரவைத்து, இறைவனையும் உயிரையும் உயிரைக் கட்டும் தளைகளையும் பற்றிச் சொல்லி, அறத்தையும் தவத்தையும் நாடச் சொல்கிறான். அடுத்து மாயை வந்து, செல்வமும் வலிமையும் இல்லாதவனை யார் மதிப்பார்கள், அவற்றைத் தேடுங்கள் என்கிறாள். மக்கள் தாய் சொன்னதை எடுத்துக்கொள்கிறார்கள். மாயை சொன்னதில் பொய் என்று ஒதுக்கக்கூடியது அதிகம் இல்லை. பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் எந்த வீட்டிலும் கேட்கும் பேச்சுதான் அது. சூரபன்மனும் சோம்பேறி இல்லை. வேள்வித் தீயில் தன் உடலையே இடும் அளவுக்கு உறுதியுள்ளவன். உழைத்துப் பெற்றவன் என்பதால்தான், பெற்றதைத் தன்னுடையது என்று அவ்வளவு உறுதியாக நம்புகிறான்.

அவன் மாறுகிற இடம் எது? வேல் பட்ட கணமா?

அதற்கு முன்பே ஒரு கணம் வருகிறது. கந்தபுராணத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் உள்ளவர் யுத்த காண்டத்துச் சூரபன்மன் வதைப் படலத்தில் அந்த இடத்தை வாசித்தால் போதும்.

போர் முற்றிவிட்டது. தம்பிமார் இல்லை, மக்கள் இல்லை, படை இல்லை. எதிரே நிற்கும் முருகனை அதுவரை ஒரு பாலன் என்றே ஏளனமாகப் பேசிவந்தான் சூரபன்மன். அப்போது முருகன் தன் பேருருவத்தைக் காட்டுகிறான். அசுரன் மெய்ம்மறந்து நிற்கிறான். மயில்மீது இருக்கும் குமரனைப் பாலன் என்று நினைத்திருந்தேனே, திருமாலுக்கும் பிரமனுக்கும் மற்ற எல்லாருக்கும் மூலகாரணமாய் நிற்பவன் இவனல்லவா என்று அவன் வாயாலேயே வருகிறது. அதைத் தொடர்ந்து இந்தப் பாடல்:

சூழுதல் வேண்டும் தாள்கள் தொழுதிடல் வேண்டும் அங்கை
தாழுதல் வேண்டும் சென்னி துதித்திடல் வேண்டும் தாலு
ஆழுதல் வேண்டும் தீமை அகன்றுநான் இவற்கு ஆளாகி
வாழுதல் வேண்டும் நெஞ்சம் தடுத்தது மானம் ஒன்றே

என் கால்கள் இவனைச் சுற்றி வர வேண்டும், கைகள் தொழ வேண்டும், தலை தாழ வேண்டும், நா துதிக்க வேண்டும், தீமையெல்லாம் நீங்கி இவனுக்கு அடியவனாக வாழ வேண்டும் என்று நெஞ்சம் விரும்புகிறது. மானம் ஒன்றே தடுக்கிறது என்பது கருத்து.

பாடல் நடக்கும் விதத்தைப் பாருங்கள். கால், கை, தலை, நா என்று உடலின் ஒவ்வோர் உறுப்பும் வணங்கத் தயாராகிவிட்டது. ‘வேண்டும், வேண்டும்’ என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசிச் சீர்களில் எல்லாம் நின்றுபோகிறது. அவனுக்கு அறிவு வந்துவிட்டது, பக்தியும் வந்துவிட்டது, பகை கூடப் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்று மட்டும். அதுவும் பொறாமையோ பேராசையோ இல்லை, தமிழில் நற்குணமாகப் போற்றப்படுவது. திருக்குறள் மானத்துக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறது. இத்தனை யுகங்கள் ஆண்டுவிட்டு, இத்தனை பேரைப் பலிகொடுத்துவிட்டு, இப்போது போய் எப்படி வணங்குவது என்ற தயக்கத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அது கௌரவமாகத் தெரிகிறது.

தன் தவறு தெளிவாகத் தெரிந்த பிறகும், மகனிடமோ மனைவியிடமோ அலுவலகத்தில் தன்னைவிட இளையவரிடமோ ஒரு வார்த்தை சொல்லமுடியாமல் இருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பாடலுக்கு உரை தேவையில்லை.

பேருருவம் மறைந்து முருகன் பழைய வடிவில் நின்றதும் அந்த உணர்வும் சூரபன்மனை விட்டுப் போகிறது, கோபம் திரும்புகிறது. கச்சியப்பர் இதை மறைக்காமல் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு நல்ல சொற்பொழிவோ ஒரு கோயில் தரிசனமோ ஒரு மரண வீடோ நம்மைச் சில மணி நேரம் வேறு ஆளாக்கிவிடுவதும், மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிடுவதும் நம்முடைய குறை மட்டும் என்று நினைத்து வருந்துபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். தெளிவு வந்து போவதும் அந்த வழியின் ஒரு கட்டம் என்பதை இந்தப் பகுதி ஒத்துக்கொள்கிறது.

சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்கிறார்களே. அதுதானே உட்பொருள்?

சைவ சித்தாந்தம் சொல்லும் மூன்று மலங்களோடு, அதாவது உயிரைக் கட்டும் தளைகளோடு, மூன்று அசுரர்களைப் பொருத்திச் சொல்லும் விளக்கம் அது. பழமையானது, பயனுள்ளது, குறிப்பாக, ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது என்ற சித்தாந்தக் கருத்தோடு சூரன் மடியாமல் மயிலும் சேவலுமாக நிற்பது நன்றாக ஒத்துவருகிறது.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்னார் இன்னதைக் குறிக்கிறார் என்று அட்டவணை போட்டுவிட்டால் கதையை மூடி வைத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடும். ‘சூரன் என்றால் ஆணவம்’ என்று ஒப்பிப்பது எளிது. மேலே சொன்ன பாடலில் வரும் அந்தத் தடை என்னிடம் எங்கே இருக்கிறது என்று தேடுவது எளிதன்று. அட்டவணையை வாசிப்பின் முடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முருகன் சூரனைக் கொன்றானா, ஆட்கொண்டானா?

இரண்டு மரபுகளும் உண்டு. திருமுருகாற்றுப்படையில் சூர் அழிக்கப்படுகிறான். அவுணர்களின் வலிமை அடங்க மாமரம் வெட்டப்பட்ட செய்தியும் அங்கே வருகிறது. சூரனே மயிலானதாக அதில் பேச்சில்லை. வடமொழி மரபில் முதன்மைப் பகைவனாக அறியப்படுபவன் தாரகன்; காளிதாசனுடைய குமாரசம்பவத்திலும் தேவர்கள் அஞ்சுவது அவனுக்குத்தான். கந்தபுராணம் அண்ணனை முன்னால் கொண்டுவந்து, அவனுக்கு ஒரு நீண்ட வாழ்க்கையைக் கொடுத்து, முடிவில் கொல்லாமல் மாற்றுகிறது.

பிளந்த இரு கூறுகளும் உடனே சாந்தமாகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மயிலும் சேவலுமாகி மறுபடியும் சினத்தோடு எதிர்த்து வருகின்றன. முருகன் அருளோடு ஒரு பார்வை பார்க்கிறான். அதன் பின்தான் அவை அடங்குகின்றன. அதுவரை மயிலாக முருகனைச் சுமந்துவந்தவன் இந்திரன். இப்போது முருகன் அந்த மயிலை விட்டிறங்கிச் சூரனாகிய மயிலின்மேல் ஏறுகிறான். யாருக்காகப் போர் நடந்ததோ அவனுடைய இடம் பகைவனுக்குக் கிடைக்கிறது! மாயையின் மகனும் அன்றோ வரம்பிலா அருள் பெற்று உய்ந்தான் என்று நூலாசிரியரே வியந்து பாடுகிறார்.

இதிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. தன்னிடம் உள்ள கெட்ட குணத்தை வேரோடு பிடுங்கி எறிந்தால்தான் ஆன்மிகம் என்று நினைப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்களோடு தாங்களே போரிட்டுக் களைத்துப்போவதைப் பார்க்கிறோம். சூரனுடைய விடாப்பிடியும் வேகமும் அவன் மயிலான பிறகும் இருக்கின்றன. முதுகில் இருப்பவர் மாறியிருக்கிறார்.

மேலைநாட்டு உளவியல் சொல்லும் விளக்கங்களோடு இதை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், அளவோடு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் (1875–1961), மனிதன் தன்னிடம் இருப்பதாக ஏற்க மறுக்கும் பகுதியை நிழல் என்றார். அதை ஒழிக்க முயலாமல் அடையாளம் கண்டு தன்னோடு சேர்த்துக்கொள்வதே வளர்ச்சி என்பது அவர் கருத்து. மயிலின் கதைக்கு அருகில் வரும் எண்ணம்தான். அமெரிக்கரான ஜோசப் கேம்பல் 1949 இல் முன்வைத்த நாயகப் பயணம் என்ற சட்டகம் இன்னும் பிரபலம்: நாயகன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், சோதனைகளைக் கடக்கிறான், மாறித் திரும்புகிறான். கந்தபுராணத்தை அந்தச் சட்டகத்தில் வைத்தால் பொருந்தாது. ஏற்கெனவே சொன்னபடி, இங்கே நாயகன் மாறுவதில்லை. பொருந்தாத அந்த இடத்தில்தான் இந்த நூலுக்கே உரிய செய்தி இருக்கிறது. அதோடு, யுங்குடைய மனிதன் தன் முயற்சியால் நிழலை ஏற்கிறான். சூரனை மாற்றியது அவனுடைய முயற்சி இல்லை, அருட்பார்வை. இந்த வேறுபாட்டை மழுப்பிவிட்டு எல்லாம் ஒன்றே என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் படும் துன்பத்துக்கு முன்வினைதான் காரணம் என்று கந்தபுராணம் சொல்கிறதா?

தேவர்கள் சூரனிடம் அவ்வளவு காலம் சிறையிருந்ததற்குக் காரணம், சிவனை மதியாமல் தக்கன் செய்த வேள்வியில் அவர்கள் போய்க் கலந்துகொண்டதே என்று தட்ச காண்டம் சொல்கிறது. வேள்விக்கு அழைத்தார்கள், போனோம், சாப்பிட்டோம்; தவறு என்று தோன்றியும் எழுந்து வரவில்லை. அவர்கள் செய்தது அவ்வளவுதான். பெரிய கொடுமையைத் தாங்கள் செய்யாமல், நடந்த இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுடைய குற்றம் அது. இந்த நோக்கில் வாசித்தால் தட்ச காண்டம் நம் காலத்துக்கு மிக நெருக்கமாக வந்துவிடுகிறது.

நூலில் இந்தக் காரணம் எங்கே வருகிறது என்பதைப் பாருங்கள். சிறை உடைந்து, போர் முடிந்து, சயந்தன் விடுதலையான பிறகு கடைசிக் காண்டத்தில் வருகிறது. தேவர்கள் வந்து முறையிட்டபோது, நீங்கள் செய்த வினைக்கு அனுபவியுங்கள் என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. முதலில் மீட்பு, பிறகுதான் காரணம். ஆகவே வினைக் கோட்பாட்டைத் தன்னைப் பற்றி ஒருவர் யோசிக்கப் பயன்படுத்தலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளியிடமோ பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமோ போய், இது உங்கள் கர்மவினை என்று சொல்வதற்குக் கந்தபுராணத்தைத் துணைக்கு அழைப்பது நூலுக்குச் செய்யும் அநியாயம்.

அசுரர் என்று ஒரு கூட்டத்தையே தீயவர்களாகக் காட்டும் கதையை ஏன் கொண்டாட வேண்டும்?

நியாயமான கேள்வி. அசுரர், அரக்கர் என்ற பெயர்களுக்குப் பின்னால் தோற்கடிக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்கள் என்ற விமரிசனத்தைத் திராவிட இயக்கம் இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வலுவாக முன்வைத்தது. அதைக் கேட்டுவிட்டுப் புராணம் வாசிப்பவர், கேட்காமல் வாசிப்பவரைவிடக் கவனமாக வாசிப்பார். நூலில் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. சூரனுடைய தங்கை அசமுகி போன்ற பாத்திரங்களின் வருணனையில் இழிவுபடுத்தல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

அதே நூல்தான் சிங்கமுகனையும் படைத்திருக்கிறது. மகேந்திர காண்டத்தில் முருகனுடைய தூதனாக வீரவாகு வந்துபோன பின் அரசவை கூடுகிறது. எல்லாரும் போர் போர் என்று முழங்கும்போது சிங்கமுகன் மட்டும், தேவர்களைச் சிறைவிட்டுவிடுவதே நல்லது என்று அண்ணனிடம் சொல்கிறான். அண்ணன் அவனைக் கோழை என்று இகழ்கிறான். அதன்பின் சிங்கமுகன் விலகிப்போகவில்லை. அண்ணனுக்காகவே போரிட்டு மடிகிறான். சூரனுடைய மகன் இரணியனும் தந்தைக்கு நல்லது சொல்கிறான். கேட்கமாட்டார் என்று தெரிந்ததும், எல்லாரும் மடிந்தால் தந்தைக்கு இறுதிக்கடன் செய்ய ஒருவராவது வேண்டுமே என்று மீன் வடிவெடுத்துக் கடலுக்குள் மறைகிறான். இவர்களில் யார் செய்தது சரி? சிங்கமுகனைப் போலத் தப்பான பக்கம் என்று தெரிந்தே உறவுக்காக நிற்பதா, இரணியனைப் போல ஒரு கடமையை மனத்தில் வைத்து ஒதுங்குவதா? கூட்டுக் குடும்பத் தொழில்களிலும் கட்சிகளிலும் இந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. கந்தபுராணம் தீர்ப்புச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

வள்ளியை யானையைக் காட்டிப் பயமுறுத்தித் திருமணம் செய்வது இன்றைய வாசகருக்கு எப்படிச் சரியாகும்?

தினைப்புனத்தில் காவல் இருக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து பசிக்குத் தேனும் தினைமாவும் கேட்டு வாங்கி உண்கிறான். கடைசியில் விநாயகர் யானையாக வர, அஞ்சிய வள்ளி கிழவனைத் தழுவிக்கொள்கிறாள். இறைவன் உயிரைத் தேடித் தானே இறங்கி வருகிறான் என்பது மரபான விளக்கம். அதன் அழகு எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த யானை ஒரு தந்திரம்தான், அதை விளக்கத்தால் மூடவேண்டிய அவசியம் இல்லை.

மக்கள் மேடை இந்தக் குறையை முன்பே உணர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வழியில் மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம்தான் உயிர்நிலை. அங்கே வள்ளி கேள்விக்குக் கேள்வி எதிர்த்துப் பேசுகிறாள். சபையும் அவளுடைய பதிலுக்குத்தான் காத்திருக்கிறது. கச்சியப்பரின் படலத்தையும் அந்த நாடகத்தையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால் வள்ளியின் முழு உருவம் கிடைக்கும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். அருள் என்று நூல் சொல்லும் இடங்களில் அவர் வேறொரு பெயர் வைத்துக்கொள்வார். மானம் தடுக்கும் இடம் இருவருக்கும் ஒன்றுதான்.

தனியாக வாசிப்பதற்கும் கோயிலில் கேட்பதற்கும் வேறுபாடு உண்டா?

நிறைய. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் என்ற வழக்கம் உண்டு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகில் இருக்கும் மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விரித்துரைப்பார். இப்படி நாட்கணக்கில் நடந்து வள்ளி திருமணத்தோடு நிறைவடையும். அந்தச் சமூகத்தின் வாழ்க்கையில் இந்த நூல் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைக் காட்ட, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராணக் கலாசாரம்’ என்ற தொடரையே வழங்கினார். கேட்பவர்களில் பலருக்கு முழு நூலும் கையில் இருந்ததில்லை. ஆனால் எந்தப் பாத்திரம் எங்கே என்ன சொல்லும் என்பது தெரியும். பயன் சொல்பவர் தவறினால் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் திருத்துவார்.

ஐப்பசி மாதக் கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் நடக்கும் சூரசம்காரம் இன்னொரு வகை. திருச்செந்தூரில் கடற்கரையில் நடப்பதைக் காண இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். இலங்கையில் சூரன்போர் என்பார்கள். பல கோயில்களில் சூரன் உருவத்துக்கு உடல் ஒன்றுதான். தலையை மட்டும் மாற்றுவார்கள். தாரகனுடைய யானைத்தலையோடு வந்து தோற்றுப் போகும், திரைக்குப் பின்னால் அதைக் கழற்றிச் சிங்கமுகனுடைய சிங்கத்தலையை மாட்டிக்கொண்டு திரும்ப வரும், பிறகு சூரனுடைய சொந்த முகம், பிறகு மாங்கிளை, கடைசியில் சேவல். தூக்கி ஆட்டுபவர்கள் வேர்வையில் நனைந்து, தோள் மாற்றி மாற்றிச் சுமந்து, உருவத்தை முன்னும் பின்னும் பாயவைப்பார்கள். ஒரே உடல் தலை தலையாக மாற்றிக்கொண்டு திரும்பி வருவதைச் சிறுவயதில் வேடிக்கையாகப் பார்த்தவர்கள், தம்முடைய ஒரே பிடிவாதம் வேறுவேறு முகங்களோடு திரும்பி வருவதை நாற்பது வயதுக்கு மேல் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

தீராத மனச்சோர்வில் இருக்கிறேன். புராணம் படித்தால் சரியாகுமா?

தூக்கம், பசி, வேலை மூன்றும் கெட்டு வாரக்கணக்காகிவிட்டது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். வாசிப்பை அதன் பிறகும் வைத்துக்கொள்ளலாம். அது சிகிச்சைக்கு மாற்று ஆகாது.

தினமும் கந்தசஷ்டி கவசம் சொல்கிறேன். அது போதாதா?

தேவராய சுவாமிகளின் கவசம் காக்க வேண்டும் என்று கேட்கும் பாராயண நூல். அதன் பயன் வேறு. கவசத்தில் நாம் பேசுகிறோம், முருகன் கேட்கிறான். புராணத்தில் நாம் பேசாமல் இருந்து கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்வதில் தடையில்லை.

எங்கிருந்து தொடங்குவது? கந்தசஷ்டி ஆறு நாளுக்குள் முடித்துவிடலாமா?

ஆறு நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 1,700 பாடல்களுக்கு மேல் வாசிக்க வேண்டும். வாய் வாசிக்கும், மனம் வராது. சஷ்டி நாட்களுக்குச் சில படலங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அசுர காண்டத்தில் காசிபனும் மாயையும் உபதேசம் செய்யும் படலங்கள், மகேந்திர காண்டத்தில் அரசவை கூடும் படலம், யுத்த காண்டத்தில் சிங்கமுகனும் சூரபன்மனும் வரும் வதைப் படலங்கள் என்ற வரிசையில் போனால் சூரனுடைய வாழ்க்கை முழுதாகக் கிடைத்துவிடும். செய்யுள் கடினமாக இருந்தால் உரையோடு கூடிய பதிப்பையோ வசன நடையில் உள்ளதையோ வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் சூரபன்மன் முருகனைப் பேருருவில் காணும் பாடல்களை மட்டும் செய்யுளாகவே, வாய்விட்டு வாசியுங்கள்.

முழு நூலையும் வாசிக்க விரும்புபவர்களுக்கு வாரம் 60 பாடல் என்பது நல்ல அளவு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் பொருள் சொல்வதாக முறை வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு மாலை போதும். அந்தக் கணக்கில் வள்ளியம்மை திருமணத்துக்கு வந்துசேர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். திருவிழா, கல்யாணம், காய்ச்சல் என்று இடையில் தவறும் வாரங்களை ஈடுகட்ட வேகம் கூட்ட வேண்டாம். விட்ட பாடலிலிருந்து தொடர்ந்தால் போதும்.